ஊதச் சொன்னவர்

வருஷாவருஷம் பிப்ரவரியில் எனக்குக் கேக் வெட்டுகிறார்கள். குடியை விட்டவன், விட்ட நாளைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்து வழக்கம். கேக்கின் மேல் பேர் இருக்காது. எத்தனை வருஷம் என்கிற எண் மட்டும் க்ரீமில் எழுதியிருக்கும். போன தடவை அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் மகள் கை தட்டினாள். நான் என் துண்டைச் சாப்பிடாமல் தட்டோடு வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பேரைச் சொல்லமாட்டேன். கூட்டத்தில் பார்த்தவர்களின் பேரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். செத்துப்போனவர்களுக்கும் அது உண்டு. பிரேசர் டவுனைத் தாண்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குடிமீட்பு இல்லம் இருந்தது. இருபத்திரண்டு ஆண்கள், மூன்று பாத்ரூம். அண்ணா அங்கே வார்டன். கேட்டுக்கு உள்பக்கம் இரண்டு இரும்பு நாற்காலிகள் போட்டிருக்கும். ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார்.

"ஊது."

என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது. ஸ்ரீராம்புரத்திலிருந்து என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த என் மனைவி செல்வி, துணிப்பையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். அவள் என் முகத்துக்கு நேரே நின்று பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். மகளிடம் முத்தம் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்ட என் வாய்க்கு அரை சாண் தூரத்தில் இந்த மனிதர் தன் மூக்கைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நிற்கிறவர்போல நின்றார். நான் ஊதினேன்.

"காலைல தொண்ணூறு மில்லி பாக்கெட் ஒண்ணு. வர்ற வழியில ஆட்டோவ நிறுத்தச் சொல்லி இன்னொண்ணு. மேல பாக்கு," என்றார். "சரியாம்மா?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். வழியில் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லித்தான் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன்.

மூக்கு ஒன்றும் பிரமாதமான மூக்கு இல்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ குத்தியதில் நடுவில் வளைந்திருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷம் ஊதுபத்தி கம்பெனியில் வாசனை கலக்கிற இடத்தில் வேலை செய்த மூக்கு. பிராந்தியா, ரம்மா, இருமல் மருந்தா, நேற்று அடித்ததா இன்று அடித்ததா எல்லாம் சொல்லும். ஏலக்காய், கொய்யா இலை, பச்சை வெங்காயம் எதுவும் அவரிடம் பலிக்காது. "கிராம்பு வாசனை வருதுன்னா அதுக்கு அடியில எதையோ பொதச்சு வெச்சிருக்கேன்னுதான அர்த்தம்? தோண்டு, தோண்டு," என்று சிரிப்பார். காலையில் டீக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்று அவர் முகத்தில் ஊத வேண்டும். தமிழனுக்கும் கன்னடக்காரனுக்கும் 'ஊது'. சிவாஜிநகர் பக்கத்து ஆட்களுக்கு அதையே உருதில் 'ஃபூங்கோ பாய்'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவனைப் பார்க்க அவன் மச்சான் ஒரு டஜன் சாத்துக்குடியோடு வந்தான். அண்ணா ஒவ்வொரு பழமாக எடுத்து முகர்ந்தார். ஏழாவது பழத்தை மட்டும் தனியே வைத்தார், பிறகு ஒன்பதாவதை. ஊசியால் உள்ளே ரம் ஏற்றியிருந்தான் மச்சான். நானாக இருந்தால் அவனை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். அண்ணா இரண்டு பழத்தையும் சாக்கடையில் பிழிந்துவிட்டு, தோலை அவன் சட்டைப் பையில் வைத்து, "அக்கா கேட்டாங்கன்னா காட்டு," என்று அனுப்பினார்.

மற்ற இடங்களில் மாட்டிக்கொண்டவனை அடிப்பார்கள், கட்டிப் போடுவார்கள். எனக்கு அதிலும் அனுபவம் உண்டு. இங்கே தண்டனை அந்த இரண்டாவது நாற்காலிதான். வாயில் வாசனை வந்தவன் அன்று முழுக்க அண்ணாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் திட்டமாட்டார். பேப்பர் படிப்பார், கேட்டில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார், இவனுக்குக் கை நடுங்கினால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன், "உங்களுக்கு அருவருப்பா இல்லியாண்ணா? காலங்காத்தால இருவத்திரெண்டு நாறவாய்."

"என் வாய் கிட்ட எட்டு வருஷம் ஒருத்தரும் வரலப்பா," என்றார். "எங்கம்மா சாப்பாட்டுத் தட்டைத் தரையில தள்ளிவிடுவாங்க. கிட்ட வந்து கொடுக்கமாட்டாங்க. அப்ப ஒரு ஆளு கிட்ட வந்து மோந்து பாத்திருந்தா நான் முன்னாடியே திருந்தியிருப்பேனோ என்னவோ."

மார்ச் மாதம் ஊரை அடைத்தார்கள். முதலில் இருபத்தொரு நாள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பார்வையாளர்கள் நின்றார்கள். வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த டாக்டர் மேடம் போனுக்குள் போய்விட்டார். கட்டிலுக்குக் கட்டில் ஆறடி விடச் சொன்னார்கள். எங்கள் ஹாலில் ஆறடி விட்டால் பாதிப் பேர் ரோட்டில்தான் படுக்க வேண்டும். மாத்திரை சப்ளை குறைந்தது. ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு பேருக்குக் கொடுத்தார் அண்ணா.

சாராயக் கடைகள் மூடிய நாலாம் நாளிலிருந்து கேட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. குடி கிடைக்காமல் வந்தவர்கள். உடம்பெல்லாம் உதறும், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். பெண்டாட்டிமார் பின்னால் நின்று அழுவார்கள். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்று உத்தரவு. ரிப்போர்ட் வர நாலு நாள் ஆகும். உதறுகிற மனிதனிடம் நாலு நாள் எங்கே இருக்கிறது? பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களுக்கே இடம் இல்லை. கேட் கம்பிக்கு நடுவே மூக்கை விட்டு, "ஊது," என்பார் அண்ணா. "மேடம், வாய் சுத்தமா இருக்கு மேடம், அதான் பயமா இருக்கு, ஃபிட்ஸ் வந்துடும்," என்று போனில் கெஞ்சுவார். ஒருவனுக்குக் கேட்டிலேயே வலிப்பு வந்தது. அவனைத் தூக்கிக் கார் ஷெட்டில் போட்டு, தார்பாய் கட்டி, பக்கத்திலேயே மூன்று நாள் படுத்துக்கொண்டார். அவன் பிழைத்தான். திருப்பி அனுப்பிய மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதை மட்டும் பார்த்தோம்.

மேடம் ஒருநாள் வீடியோவில் கத்தியதை எல்லோரும் கேட்டோம். "இனிமே யாரையும் ஊதச் சொல்லாதீங்க. இந்த வியாதியே வாய்க்காத்துலதான் வருது. புரியுதா இல்லையா?"

"புரியுது மேடம். மிஷின்ல ஊதச் சொல்லலாம்னா எல்லாரும் ஒரே குழாயில வாய் வெக்கணும். அதையும் நீங்கதான் வேணாம்னீங்க. நான் மோந்து பாக்கலேன்னா இவனுங்க பயம் போயிடும் மேடம். பயம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவர் மாஸ்க் போட்டுக்கொண்டார். ஊதுகிற நேரத்தில் மட்டும் அவரும் இறக்குவார், எங்களையும் இறக்கச் சொல்வார்.

மே மாதம் சாராயக் கடைகளைத் திறந்தார்கள். பட்டாசு வெடித்ததாக டிவியில் காட்டினார்கள். இல்லத்தில் நான் இருக்க வேண்டிய தொண்ணூறு நாள் அப்போதே முடிந்துவிட்டது. ஆனால் நான் லிஃப்ட் மெக்கானிக். ஆபீஸெல்லாம் மூடிக் கிடக்க, லிஃப்ட் எங்கே ஓடுகிறது? செல்வி போனில், "கடை தொறந்துட்டாங்க, நீ சொல்ப நாள் அங்கியே இரு. இந்த வாட்டி விழுந்தன்னா நான் பாப்பாவ இட்டுக்கினு ஆம்பூருக்குப் போயிடுவேன். சத்தியமா வரமாட்டேன்," என்றாள். இல்லத்தை நடத்திய சார் வேறு எச்சரித்திருந்தார்: இந்த நேரத்தில் எவனாவது உள்ளே குடித்தால் நாற்காலியெல்லாம் கிடையாது, அன்றே வெளியே. யாருக்காவது ஒருவருக்கு வியாதி வந்தால் இல்லத்தையே மூடி எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போவதாக முடிவானது. வியாழக்கிழமை மத்தியானம் செல்வி அழைத்தாள். எங்கள் சந்தில் நாலு பேருக்கு வந்துவிட்டதாம். "தெரு முனையில தகடு அடிச்சிட்டாங்க. உள்ள யாரும் வரக்கூடாதாம், வெளிய யாரும் போகக்கூடாதாம். இன்னும் பதினாலு நாளு." துணிப்பையைக் கட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. குடிகாரன் பெரிய காரணத்துக்காகக் காத்திருக்கிறவன் இல்லை.

யாரோ தர்மத்துக்குக் கொடுத்த சானிடைசர் கேன்கள் வந்திருந்தன. அண்ணா அவற்றைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "இது சாராயம் இல்ல. கண்ணு போகும், உசுரு போகும்," என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருந்தார். பாத்ரூம் சுவரில் ஒரு சின்ன பாட்டில் மட்டும் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பி ஒரு பொருட்டா? மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் அவிழ்த்து, பாதியைக் குடித்து, அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மறுபடி கட்டி வைத்தேன். கண் போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

ஆறு மணி வரிசையில் நான் ஏழாவது ஆள். மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். தப்பிக்கத் தோன்றவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் சார் துரத்தட்டும், செல்வி போகட்டும்.

"ஊது."

ஊதினேன். என் மூச்சு எனக்கே குமட்டியது. அவர் கண்ணை மூடி நின்றார்.

"நல்லா இருக்கு. போ."

நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மர்பி டவுன் ஜார்ஜ் (நிஜப் பேர் அது இல்லை), என் பக்கத்துக் கட்டில்காரர், சட்டென்று தன் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "நகருப்பா," என்றார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் பெண்டாட்டி பிள்ளையை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்த மூக்கையே ஏமாற்றிவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் அது போனது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சமையல்காரர் பருப்பைத் தீய விட்டிருந்தார். வீடே கருகிய நாற்றம். எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு அவரைக் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டில் உட்கார்ந்துகொண்டே சாம்பாரில் பெருங்காயம் போதாது என்று குரல் கொடுக்கிற மனிதர், அந்தப் பருப்பைப் பிசைந்து பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாசனை போவது எதற்கு அடையாளம் என்று தினமும் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு வாசனை போய்விட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று மேடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? பருப்பைச் சொல்லியிருக்கலாம். இப்போது தெரிகிறது. அன்று எனக்கு என் வாய் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவர் இருபத்திரண்டு முகத்துக்கு நேரே குனிந்தார். சாயங்காலமும் குனிந்தார். நான் அன்றும் மத்தியானம் குடித்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வரிசைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு இரண்டாவது நாற்காலியைக் காட்டினார். வந்துவிட்டது என்று உட்கார்ந்தேன். நாற்காலியை நாலடி தள்ளிப் போட்டிருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல?" என்றார்.

"என்னண்ணா?"

"பருப்பு. நீ என்னையே பாத்துனு இருந்த." முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் வராத நேரத்தில் வியர்த்திருந்தது. "மூணு நாளா ஒண்ணும் தெரியலப்பா. சோப்பு தெரியல, பினாயில் தெரியல. நேத்து ஒரு ஊதுபத்திய கொளுத்தி மூக்குக்குள்ளயே வெச்சுப் பாத்தேன். சுட்டுச்சு. வாசனை வரல."

"மேடத்துகிட்ட சொல்லிடலாம்ணா."

"சொன்னா மூடிடுவாங்க. இந்தப் பசங்க எங்க போவாங்க? ரோட்டுல பஸ் இல்ல, கடை மட்டும் தொறந்திருக்கு. நேரா அங்கதான். ரெண்டு நாளு பொறு, சரியாப் போயிடும். இனிமே நான் தள்ளியே நிக்கிறேன். மாஸ்க்க எடுக்கமாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். வரிசை வர்றப்ப என் பக்கத்துல நில்லு. எவன் வாயாவது நாறிச்சுன்னா இருமு. நான் புடிச்சுக்கறேன். நீதான் இனிமே எனக்கு மூக்கு. உன்னைத் தவிர யாரைக் கேக்கறது? உள்ள வந்தப்புறம் இத்தனை மாசமா ஒரு தடவைகூட நீ என்கிட்ட மாட்டினதில்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டியிருந்தால் போதும். "சரிண்ணா," என்றேன்.

அன்று காலையும் சாயங்காலமும் அவர் பக்கத்தில் நின்றேன். நாலடி தள்ளி நின்று அவர் 'ஊது' என்றார். ஒவ்வொருவனாக ஊதினார்கள். நான் முகர்ந்தேன். பல் தேய்க்காத நாற்றம், பீடி நாற்றம், பசி நாற்றம். இத்தனை வருஷம் அந்த மனிதர் எதற்குள் நின்றிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவனிடமும் சாராயம் இல்லை. இருபத்தொரு பேரும் சுத்தம். ஜார்ஜ் ஊத வந்தபோது என் கண்ணைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அன்று மத்தியானம் பாத்ரூம் பக்கம் போகவில்லை.

"யாரும் இல்லியே?" என்றார் அண்ணா.

"யாரும் இல்லண்ணா."

"பாத்தியா? தங்கமான பசங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. விரலில் மாட்டுகிற கருவி ஆக்ஸிஜன் எண்பத்திரண்டு என்று காட்டியது. நான்தான் மேடத்துக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பெட் நம்பர் கிடைத்தால்தான் வண்டி வரும் என்றார்கள். பெட் நம்பருக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். கார் ஷெட்டில் அவரைக் கிடத்தி, விசிறிக்கொண்டே ஏழெட்டு நம்பருக்குக் கெஞ்சினேன். நாலு மாதம் அவர் கெஞ்சியதை அப்படியே நான் கெஞ்சினேன். ஒரு ஆள் போனிலேயே அழுதான்: "நான் இன்னா சார் பண்ணட்டும், எங்கயும் இல்ல." வண்டி வந்தபோது மூன்று மணி.

தலை முதல் கால்வரை வெள்ளை உறை மாட்டியவர்கள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் கேட்வரை போனேன். அவர் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். கிட்டே போகக் கூடாது என்று அவர்கள் தடுத்தார்கள். போனேன்.

"ஊது," என்றார்.

மாஸ்க்கை இறக்கினேன். வேறு பக்கம் திரும்பித்தான் ஊதியிருக்க வேண்டும். பழக்கம். அவர் முகத்துக்கு நேரே ஊதினேன். அவர் கண்ணை மூடினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார். மூச்சு வாங்கியது. "நீயே சொல்லு. எப்படி இருக்கு?"

வியாழக்கிழமையைச் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அவர்கள் கதவை இழுத்தார்கள்.

"சுத்தமா இருக்குண்ணா," என்றேன்.

ஐந்தாம் நாள் அவர் போய்விட்டதாக மேடம் போனில் சொன்னார். முகத்தைக் காட்டவில்லை, எங்கே எரித்தார்கள் என்றும் தெரியாது. இல்லத்தில் பதினாலு பேருக்கு வந்தது. ஜார்ஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. என் ரகசியத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அண்ணா பயந்தபடியே இல்லத்தை மூடி மீதிப் பேரை அனுப்பி வைத்தார்கள். அதில் எத்தனை பேர் நேரே கடைக்குப் போனார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அண்ணாவுக்கு வியாதி என்னால் வரவில்லை என்று மேடம் ஒருமுறை சொன்னார். கேட்டில் கம்பிக்கு நடுவே எத்தனை பேரை முகர்ந்தாரோ, அதில் வந்திருக்கும் என்றார். இருக்கலாம். நான் வியாழக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் அவருக்கு மூன்று நாள் முன்னால் பெட் தேடியிருப்போம். ஜார்ஜ் முகத்துக்கு நேரே அவர் வெள்ளிக்கிழமை இரண்டு தடவை குனிந்திருக்கமாட்டார். இதை நான் மேடத்திடம் சொல்லவில்லை.

நான் இல்லத்தில் சேர்ந்தது பிப்ரவரியில். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை என்று கூட்டத்தில் ஐந்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். செல்வியிடமும் அதைத்தான் சொன்னேன். இப்போது அவள் சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை. இதைப் படித்த பிறகு எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணா கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாய் சுத்தமாகத்தான் இருந்தது. அது சுத்தமாகி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு இனிமேல் கேக் வெட்டுவதாக இருந்தால் ஜூலையில் வெட்டுங்கள்.